புதுப்பிப்பு: விக்டோரியா வில்லியம்ஸ், அந்தப் பணம் என்ன ஆனது?

ராக் பாடகர் நீல் யங்கின் கச்சேரிகளில் அவருக்கு முன்னதாகப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கப் பாடகி விக்டோரியா வில்லியம்ஸுக்குக் கை சொன்னபடி கேட்காமல் போனது பற்றி முன்பு எழுதியிருந்தேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், மருத்துவக் காப்பீடும் கிடையாது. 1993-இல் லூ ரீட், பேர்ல் ஜாம் போன்ற ராக் கலைஞர்கள் அவர் சிகிச்சைச் செலவுக்காக அவர் பாடல்களையே பாடி ஆல்பம் போட்டதோடு முடித்துவிட்டேன். “சரி, பணம் என்னாச்சு?” என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஆல்பத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்வீட் ரிலீஃப் நிதி. நோயில் விழும் மற்ற இசைக்கலைஞர்களுக்கும் அது உதவுகிறது, இன்றுவரை.

1996-இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. இந்தமுறை விக் செஸ்நட் என்ற பாடகரின் பாடல்கள். 1983 கார் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தவர். விரல்கள் பாதிதான் அசையும், அதனால் கிதாரில் எளிய கார்டுகளாகவே (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிப்பார். (எனக்கு அந்தத் தடுமாற்றமே பிடிக்கும்.) மடோனாகூட அதில் பாடினார். அப்படியும், 2009-இல் செஸ்நட் இறந்தபோது மருத்துவமனைக் கடன் பாக்கி இருந்தது.