மறு: வில்லுக்கத்திப் பிடியில் சாயம் இறங்கும் ஆழம் – ‘சுவறாழம்’ எனலாமா?

அன்பின் கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

எலும்புக்குள் சாயம் இறங்கும் ஆழத்துக்கு என்ன சொல் என்று நான் கேட்டதற்குப் போன கிழமை ஐயா எழுதியது:

> ‘ஊடுருவாழம்’ என்றே வைத்துக்கொள்வோம். ஊடுருவல் எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாமே.

ஐயா, உங்கள் சொல்லை மறுப்பதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வன்னியில், மல்லாவியில் இருந்து எழுதுகிற எனக்கு அதில் இரண்டு இடறல். ஊடுருவுவது என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போவது. எலும்பில் சாயம் அப்படிப் போவதில்லை. கொஞ்சத் தூரம் இறங்கி நின்றுவிடும். மற்றது, போர்க்காலம் முழுக்க நாங்கள் வானொலிச் செய்தியில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அது. ‘ஊடுருவல்’ என்றால் வன்னியில் ஒருவருக்கும் சாயம் நினைவுக்கு வராது.

இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன். அப்பாவின் வில்லுக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. மடக்குக்கத்தியை இங்கே அப்படித்தான் சொல்வோம். உள்ளே அலகை அழுத்திப் பிடிக்க எஃகு வில் இருப்பதால் பெயரும் பொருந்தும். பிடியின் இரண்டு பக்கமும் எலும்புத் தகடு, பித்தளை ஆணி. ஒரு பக்கத் தகடு உடைந்துபோனதால் புதிதாக ஒரு சோடி செய்ய இறங்கினேன். இறைச்சிக்கடையில் மாட்டின் கணைக்கால் எலும்பு வாங்கி, மச்சையைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரில் பலமுறை ஊறவைத்துக் கொழுப்பெடுத்து, நிழலில் உலர்த்தினேன். கொழுப்பு நின்ற இடத்தில் சாயம் பிடிக்காது, வெள்ளைத் திட்டாகவே கிடக்கும். அறுத்ததும் தேய்த்ததும் தண்ணீர் விட்டபடி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான். எலும்புத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

சாயம், பனையோலைக்குப் போடுகிற கடைச் சாயப்பொடி. பக்கத்து வீட்டு மாமி பெட்டி பின்னுகிறவ. அவவின் பழைய அலுமினியச் சட்டியையே இரவல் வாங்கினேன். ஓலையை அவிப்பதுபோல எலும்பை அவிக்கக்கூடாது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியம் சேர்ந்த கனியுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கொதிநீரில் கிடந்தால் அந்தப் புரதம் கரைந்து பசையாகப் போய்விடும். அதனால் இளஞ்சூட்டில் ஒரு பகல் வைத்திருந்து எடுத்தேன். கடும் சிவப்பு, பார்க்க அவ்வளவு வடிவு. பிறகு கத்தியில் பொருத்துவதற்காக ஓரத்தைச் சாண்ட்பேப்பரில் நாலு இழுப்பு இழுத்தேன். வெள்ளை தெரிந்துவிட்டது.

மிச்சத் துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி நகத்தின் கனத்துக்குக்கூட வராத ஒரு சிவப்புக் கோடு. உள்ளே தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளை. கொண்டுபோய் மாமியிடம் காட்டினேன். அவ ஒருக்கால் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “சாயம் சுவறேல்லைத் தம்பி. அவசரப்பட்டு எடுத்திட்டாய்.”

நான் தேடிய சொல் அவவின் வாயில் இருந்தது. சுவறுவது என்றால் ஊறி உள்ளே இறங்குவது. வாய்க்கால் திறந்த முதல் நாள் வயலில் தண்ணீர் நிற்காது, ‘சுவறிப்போச்சு’ என்போம். சட்டையில் எண்ணெய் சுவறும். சுவறு, ஆழம் இரண்டும் சேர்ந்தால் சுவறாழம். செய்வினையாகச் ‘சுவற்றுதல்’ என்ற வடிவமும் இருக்கிறது: ஆறு ஆற்று, ஏறு ஏற்று, சுவறு சுவற்று.

‘உறிஞ்சல்’ போதாதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தா. எங்கள் பாடப்புத்தகங்களில் அகத்துறிஞ்சல் (உள்ளே இழுப்பது), புறத்துறிஞ்சல் (மேற்பரப்பில் பிடித்துக்கொள்வது) இரண்டும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. அதைவிட, உறிஞ்சுவது எலும்பு, சுவறுவது சாயம். சாயம் எதுவரை போனது என்பதைத்தானே அளக்கிறோம்.

---

ஐயாவின் மறுமொழி:

> தம்பி, இரண்டு ஐயம். பழைய பாடல்களில் கடல் சுவறியது என்றால் வற்றியது என்றல்லவா பொருள்? அடுத்தது, இங்கே தமிழ்நாட்டில் பாதிப்பேர் ‘சுவரில்’ என்பதை ‘சுவற்றில்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் ‘சுவற்றுதல்’ என்பதைப் பார்த்தால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கண்ணில் நிற்கும்.

---

ஐயா, முதலாவது ஐயம் எனக்குச் சொல்லின் பலமாகவே படுகிறது. தண்ணீர் மண்ணுக்குள் போகிறபோதுதான் மேலே வற்றுகிறது. மேலே நின்று பார்த்தவர் வற்றியது என்றார், மண்ணைக் கிண்டிப் பார்த்தவர் இறங்கியது என்றார். நடந்தது ஒன்றுதான். இரண்டாவதை ஏற்றுக்கொள்கிறேன். செய்வினைக்குச் ‘சாயமேற்றல்’ ஏற்கெனவே இருக்கிறது, அதுவே இருக்கட்டும். சுவறல், சுவறாழம் இரண்டு மட்டும் போதும்.

சொல் வேலை செய்கிறதா என்று சில வசனங்களில் வைத்துப் பார்த்தேன்.

‘சுவறாழம் குறைவாதலால், தகட்டை வடிவாக்கி முடித்த பிறகே சாயமேற்ற வேண்டும்.’ என் பிழை இதுதான்.

‘கம்பளிக்குரிய சாயங்கள் புரதத்தைப் பிடிப்பன, சிறிது வினாகிரி சேர்க்கச் சுவறல் நன்றாகும்.’ இங்கே எச்சரிக்கையும் வேண்டும்: கூட விட்டால் வினாகிரி கல்சியத்தைக் கரைக்கும். கோழி எலும்பை வினாகிரியில் போட்டு ரப்பர்போல வளைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

‘எலும்பின் நீளப்பாட்டில் சுவறாழம் கூட, குறுக்குப்பாட்டில் குறைவு.’ இதை அறுத்த துண்டிலேயே கண்டேன். உயிரோடு இருந்தபோது இரத்தக்குழாய் ஓடிய நுண்துளைகள் கணைக்கால் எலும்பில் நீளவாக்கில் கிடக்கின்றன. சாயம் அந்த வழியே முனைகளில் மயிர்போல இழையிழையாக உள்ளே போயிருந்தது.

கொண்டிஸ் தூளை, அதாவது பொட்டாசியம் பரமங்கனேற்றை, இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரலாமா என்பதில்தான் எனக்கு இன்னும் இழுபறி. அதன் கரைசல் எலும்பை மண்ணிறமாக்கும், கத்திப்பிடிக்காரர் பயன்படுத்துகிற முறைதான். ஆனால் அது சாயமல்ல. புரதத்தோடு தாக்கமடைந்து மங்கனீசு ஈரொட்சைட்டு அங்கேயே படிகிறது. சுவறுவது கரைசல், நிறம் அங்கே பிறப்பது. ஆகவே வரைவிலக்கணத்தில் ‘சாயம்’ என்று எழுதாமல் ‘நிறம்’ என்று எழுதினால் இதற்கும் இடமிருக்கும்.

வன்னிக்காரனாக இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் இந்தப் பக்கத்திலும் மன்னாரிலும் துணிக்குச் சிவப்பேற்றத் தோண்டியெடுத்த சாயவேரில் இருப்பது அலிசரின். அது கல்சியத்தைப் பிடிக்கிற நிறப்பொருள். அதே பொருள் உள்ள மஞ்சிட்டி இன வேரின் சாயம் ஊறிய தவிட்டைத் தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை 1736இல் பெல்ச்சியர் என்ற இலண்டன் சத்திரசிகிச்சையாளர் எழுதிவைத்திருக்கிறார். வளர்கிற எலும்பில் நிறம் வெளியிலிருந்து சுவறுவதில்லை, எலும்போடு சேர்ந்தே படிகிறது. ஆகவே அதற்குச் சுவறாழம் பொருந்தாது. ‘நிறப்படிவு’ என்று தனியாக வைக்கலாம்.

நம் சொற்பட்டியலுக்கு என் வரைவு:

சுவறாழம் (பெயர்): எலும்பு, கொம்பு, மரம் போன்றவற்றில் வெளியிலிருந்து ஏற்றிய நிறம் மேற்பரப்பில் இருந்து உள்ளே இறங்கி நிற்கும் தூரம், மில்லிமீற்றரில் அளக்கப்படும்.

எலும்பா என்பா என்ற கேள்வியை இப்போது கிளப்பவேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் என்பு, இறைச்சிக்கடையில் எலும்பு, இரண்டையும் போடுவோம். ஐயா சரி என்றால், பிடியில் அம்மி பொளிந்ததுபோல வரிவரியாகக் கொத்துகிற வேலைக்குப் ‘பொளியல்’ சரிவருமா என்று அடுத்த மடலில் கேட்கிறேன். பள்ளத்தில் நிறம் நின்று மேடு வெளுப்பது அந்த வேலையில்தான், அங்கேயும் சுவறாழம் தேவைப்படும்.