கல்லட்டியில் இறங்கிப் பழகியவனுக்கு சர்க்யூட் எதற்கு?

கல்லட்டி36:
மலை ரோட்டில் ஓட்டிப் பழகிய நீலகிரி பசங்க ரேஸுக்குப் போக நினைத்தால் முதலில் சர்க்யூட்டா (ஒரே தடத்தைச் சுற்றும் பந்தயம்), ராலியா என்பதுதான் கேள்வி. நேராகவே சொல்லிவிடுகிறேன். கோவை கரி ஸ்பீட்வே சர்க்யூட் மொத்தமே 2.1 கிலோமீட்டர். பதினைந்து சுற்று ஓடினால் 31 கிலோமீட்டர் சொச்சம், அத்தனையும் பார்த்த வளைவுதான். அஞ்சாவது சுற்றில் கை தானாகத் திரும்பிவிடும். ராலியில் 20 கிலோமீட்டர் ஸ்டேஜ் (மூடிவைத்து நேரம் பார்க்கும் ரோட்டுத் துண்டு) என்றால் ஒரு வளைவைக் காலையில் ஒரு தடவை பார்ப்பான், மிஞ்சினால் மதியம் இன்னொரு தடவை. அதற்குள் முன்னால் போன வண்டிகள் உள்பக்க மண்ணைக் கிளறி தார் மேல் இழுத்துப் போட்டிருக்கும். மூடுபனி இறங்கியிருக்கும், சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பசங்களுக்கு இதெல்லாம் அன்றாடம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் மட்டும் 36 கொண்டை ஊசி. இவர்கள் கீழே போய் வட்டம் அடிப்பது காசுக்குக் கேடு. நேராக ராலிக்குப் போகட்டும்.

நூல்பிடி:
மனப்பாடம்தான், மறுக்கவில்லை. எதை மனப்பாடம் செய்கிறான் என்று பாருங்கள். வளைவுக்கு முன்னால் உள்ள 100 மீட்டர் பலகையில் பிரேக் பிடித்தவன் அடுத்த சுற்றில் 95-இல் பிடிக்கிறான். மற்றது எல்லாம் அப்படியே இருக்க, மாறியது அந்த அஞ்சு மீட்டர் மட்டும். நேரம் கூடியதா குறைந்ததா என்று வேகத்தையும் நேரத்தையும் பதியும் லாகர் கருவி சொல்லிவிடும். வளைவின் நடுவில் வேகம் 2 கிலோமீட்டர் ஏறியிருக்கும், ஆனால் வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அரை வினாடி தாமதமாக மிதித்திருப்பான், மொத்தத்தில் நஷ்டம். இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஒரே வளைவு திரும்பத் திரும்ப வேண்டும். மலை ரோட்டில் இதை எப்படிக் கற்பீர்கள் அண்ணா? எதிரே அரசு பஸ் வருகிறது, கொண்டை ஊசியில் முழு ரோடும் அதற்குத்தான்.

இன்னொன்று. மலை ரோட்டில் நாம் ஓட்டுவது பாதி ரோடு. இடது ஓரத்தை விடக் கூடாது, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அதனால் கை சீக்கிரமே உள்பக்கம் திரும்பப் பழகிவிடுகிறது. மூடிய ஸ்டேஜில் முழு அகலமும் உனக்குத்தான். வெளி ஓரத்தில் இருந்து தாமதமாகத் திருப்பி, உள்முனையை வளைவின் கடைசிப் பாதியில் தொட வேண்டும். முடிவு கண்ணுக்குத் தெரியாத வளைவில் அப்படித் தொட்டால்தான் வளைவு திடீரென்று இறுகினாலும் மிச்சம் இடம் இருக்கும். கல்லட்டிக்காரன் முதல் ஸ்டேஜில் சீக்கிரம் திருப்பி, வெளியே வரும்போது பள்ளத்தைப் பார்த்து நிற்பான்.

கல்லட்டி36:
பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது. கிமி ராய்க்கோனன் 2007 எஃப்1 சாம்பியன். 2010, 2011-இல் உலக ராலிக்கு வந்தார். அதிகபட்சம் துருக்கியில் அஞ்சாம் இடம். சர்க்யூட்டில் உலகத்தையே ஜெயித்தவர் கதி இது. அந்தப் பக்கம் ராலிக்காரர் செபஸ்டியன் லோப் 2006-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய் இரண்டாம் இடம் வாங்கினார், பிறகு டூரிங் கார் உலகப் போட்டியிலும் ரேஸ் ஜெயித்தார். ராலிக்காரன் சர்க்யூட்டுக்குப் போகலாம். சர்க்யூட்காரன் இந்தப் பக்கம் வந்தால் பள்ளம்தான்.

நூல்பிடி:
ராபர்ட் குபிட்சாவை வசதியாக மறந்துவிட்டீர்களே. எஃப்1-இல் கிராண்ட்பிரி ஜெயித்தவர், 2013-இல் உலக ராலியின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி2 பட்டம் வாங்கினார். லெமானில் ஒரு காருக்கு மூன்று பேர், லோப் தனியாக ஓட்டவில்லை. ஒன்பது உலகப் பட்டம் வாங்கியவரை வைத்துக் குன்னூர் பையனுக்கு வழி சொல்வது நியாயமா?

ஸ்பேனர்செட்:
இரண்டு பேரும் பெயர்களை விட்டுவிட்டு பிரேக்குக்கு வாருங்கள். மலையில் ஓட்டினால் பிரேக் பற்றி எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு இங்கே நிறைய. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் தீர்க்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 12 மெகாஜூல். 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிற்க வைக்க 0.46 மெகாஜூல். அதாவது இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே வந்தால் நூறில் இருந்து இருபத்தைந்து தடவை நிறுத்தியதற்குச் சமம். இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருப்பதும், கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடாததும் இதனால்தான்.

இப்போது அதே வண்டி சர்க்யூட்டில். 140-இல் இருந்து 60-க்கு ஒரு பிரேக், 0.74 மெகாஜூல். சுற்றுக்கு மூன்று பலத்த பிரேக் என்று வையுங்கள். பதினைந்து சுற்றில் 33 மெகாஜூல்! நடுவில் நேர்ப்பாதையில் காற்று அடித்துக் கொஞ்சம் ஆறும், அது வேறு. ஆனால் ரோட்டு பேடோடு (டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் கட்டை) சர்க்யூட்டுக்குப் போனால் சில சுற்றிலேயே தெரிந்துவிடும்.

தெரிவது இரண்டு விதம், குழப்பிக்கொள்ளாதீர்கள். பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் பேட் போச்சு. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155-தான் கணக்கு. மழையும் பனியுமாக இருக்கிற நம்ம ஊரில் மூடியைத் திறந்து வைத்த பாட்டிலை அடுத்த மாதம் ஊற்றுகிறார்கள். அதை முதலில் நிறுத்துங்கள்.

வேகமாக ஓட்டி வந்து உடனே நிறுத்தி டீ குடிக்கப் போனால், டிஸ்கில் இருக்கிற சூடு மெதுவாக, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் ஏறும். ஓடும்போது நன்றாக இருந்த பெடல் பத்து நிமிஷம் கழித்துப் பஞ்சாகும். அதனால்தான் சர்க்யூட்டில் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வருகிறார்கள், நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் இழுப்பதில்லை.

கல்லட்டி36:
இது நல்ல பதிவு. ஆனாலும் எஞ்சினில் நம்ம பக்கம்தான் நியாயம். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் நூறு என்றால் இங்கே 76, 77. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத வண்டி ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அதை வைத்து வேகத்தை விடாமல் ஓட்டுகிறவன்தான் டிரைவர். டர்போ வண்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பெரிய ராலி கார் எல்லாம் டர்போ.

ஸ்பேனர்செட்:
கடைசி வரி தப்பு தம்பி. ரோட்டு டர்போவுக்கு ஓரளவு சரி, கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டும். ராலி2 பிரிவுக் காரில் டர்போவுக்கு முன்னால் காற்றைக் கட்டுப்படுத்தும் 32 மில்லிமீட்டர் துளை, ரெஸ்ட்ரிக்டர், இருக்கிறது. அந்தத் துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் இழுக்க முடியாது. எவ்வளவு காற்று போகும் என்பது வெளி அழுத்தத்தைப் பொறுத்தது. மெக்சிகோ ராலியில் 2,700 மீட்டருக்கு மேல் ஏறும்போது டர்போ இருந்தும் கார்கள் திணறியதற்குக் காரணம் அதுதான்.

கார்புரேட்டர் வண்டியைக் கோவையில் ட்யூன் செய்து மேலே கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே காற்று குறைவு, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாகப் போடுங்கள். கீழே இறங்கும் முன் பழையதை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் ஓட்டை.

நூல்பிடி:
சரி, ராலியே என்று வைத்துக்கொள்வோம். யார் வேகம் என்று எப்படிச் சொல்வீர்கள்? இடைவெளி விட்டு ஒவ்வொருவராக விடுகிறார்கள். சரளை ஸ்டேஜில் முதலில் போகிறவன் ரோட்டைப் பெருக்கிக் கொடுக்கிறான், பின்னால் வருகிறவனுக்குச் சுத்தமான தடம். கல்லட்டி அண்ணா சொன்ன மாதிரி தார் ரோட்டில் அது தலைகீழ். திறமையை அளக்கும் முறையா இது?

கல்லட்டி36:
சர்க்யூட்டில் முன்னால் போகிற காரின் கலங்கிய காற்றில் மாட்டி முன்பக்கப் பிடிப்பு போவதும், விபத்தானால் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்து பத்து வினாடி முன்னிலை காணாமல் போவதும் மட்டும் அளவுகோலா?

குறிப்புநோட்டு:
எல்லோரும் டிரைவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ராலியில் வளைவுகளை எழுதிய நோட்டைப் படித்துச் சொல்ல பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கல்லட்டிக்காரர் சொல்லும் 'கண்' அந்த ஆள்தான்.

அந்த நோட்டில் ஒரு துண்டு, இப்படி இருக்கும்:

"80, வலது 5, முகட்டுக்கு மேல் இடது 3 இறுகும், வெட்டாதே, உள்ளே கல். 40, கொண்டை ஊசி வலது, வெளியே சகதி."

எண் பெரிதானால் வளைவு வேகமானது, 6 ஏறக்குறைய நேர். 80, 40 என்பது அடுத்த வளைவுக்கு உள்ள மீட்டர். 'இறுகும்' என்றால் வளைவு போகப்போகக் கூர்மையாகும், 'வெட்டாதே' என்றால் உள் ஓரத்தில் ஏறாதே. 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 25 மீட்டர். மேலே உள்ளதைப் படிக்கவே அஞ்சாறு வினாடி ஆகும், அதற்குள் 140 மீட்டர் போய்விடும். அதனால் வண்டி வலது 5-இல் இருக்கும்போது வாய் கொண்டை ஊசியில் இருக்க வேண்டும். ரொம்ப முன்னால் போனால் டிரைவர் மறந்துவிடுவார், பின்தங்கினால் பயனில்லை.

பழகிய ரோட்டுக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தெரிந்த ரோடு என்ற தைரியத்தில் "இறுகும்" என்று எழுத மாட்டார்கள், நினைவு இருக்கிறதே என்று. 36 வளைவில் எது 17, எது 18 என்று மூடுபனியில் யாருக்குத் தெரியும்? உலக ராலியில் ஸ்டேஜை முன்னோட்டம் பார்க்க இரண்டே தடவைதான், அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு. முதல் தடவை டிரைவர் சொல்லச் சொல்ல எழுதுவது, இரண்டாவதில் படித்துக் காட்டித் திருத்துவது. சொந்த ராலி வண்டி இல்லாமலே பழகலாம். பகலில் சாதாரண வேகத்தில், யாராவது ஓட்ட, பின் சீட்டில் இருந்து எழுதிப் பாருங்கள்.

நூல்பிடி:
இதை ஏற்றுக்கொள்கிறேன். என் வரிசை இதுதான்: முதலில் கீழே போய் பிரேக்கும் வளைவில் போகும் கோடும் கற்கட்டும், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் லைசென்ஸ் எடுக்கட்டும், பிறகு நோட்டோடு ராலிக்கு வரட்டும்.

கல்லட்டி36:
நான் வரிசையை மாற்றிச் சொல்வேன். நோட்டு முதலில், லைசென்ஸ் அதோடு, சர்க்யூட் காசு மிஞ்சினால். சரளையில் சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம் வளைந்து, ரிம் நெளிந்து, எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடான சம்ப் கார்டில் கல் அடித்து வருகிற செலவுக்கே பாதி பணம் போய்விடும்.

பழனிமலை:
கொடைக்கானலில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டு எழுத பேனாவா பென்சிலா?

குறிப்புநோட்டு:
பென்சில், 2பி. இரண்டாவது தடவை பாதிக்கு மேல் அழிக்க வேண்டி வரும், கதவு திறந்து சாரல் பட்டால் பேனா மை ஊறிவிடும். சுருள் கம்பி போட்ட நோட்டு வாங்குங்கள், வண்டி குலுங்கும்போது ஒரே விரலால் பக்கம் புரளும். ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம்.