இரண்டு வாரம் அழுதால் மனநோயா?

நெய்தல்:
"நெருங்கியவர் செத்து இரண்டு வாரம் அழுதாலே மனநோய் என்று உளவியல்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று கேள்விக்குறி நேற்று வேறொரு திரியில் அடித்துவிட்டார். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. எரிச்சல் தாங்காமல்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அப்படி எங்கேயும் எழுதவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 மனச்சோர்வு நோய்க்குச் சொல்வது ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து. அதில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமில்லாததாகவோ இருக்க வேண்டும். அதோடு கடும் வேதனையோ அன்றாட வாழ்க்கை குலைவதோ இருக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரம். அழுகைக்கு யாரும் கெடு வைக்கவில்லை.

கேள்விக்குறி:
ஆக இரண்டு வாரம் உண்டு. நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. முந்தைய பதிப்பில், மரணத்துக்குப் பின் இரண்டு மாதம்வரை பொதுவாக மனச்சோர்வு நோய் என்று சொல்லக்கூடாது என்று துக்கத்துக்கு விலக்கு இருந்தது. 2013இல் அதைத் தூக்கியது நானா? இப்போது ஐந்தை எண்ணுவோம். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, உடம்பு அசந்து கிடக்கும், யோசனை ஓடாது, எதிலும் மனம் ஒட்டாது. சாவு விழுந்த வீட்டில் இந்த ஐந்தும் இல்லாத ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

மாணவி:
முதலில் எதை அசாதாரணம் என்கிறோம் என்று பேசலாமா? அரிதானதெல்லாம் அசாதாரணம் என்றால் மேதையும் அதில் வருவார். சமூக வழக்கை மீறுவது என்றால் அது காலத்துக்குக் காலம் மாறும். ஓரினச்சேர்க்கையை 1973இல்தானே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பட்டியலிலிருந்து எடுத்தது. அதனால்தான் வேதனை, செயல்குலைவு என்று பல அளவுகோல்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர் மேரி ஜஹோடா 1958இல் மறுமுனையிலிருந்து, மனநலம் என்றால் என்ன என்றே கேட்டார். தவிர, அன்புக்குரியவரின் மரணம் போன்ற இழப்புக்கு எதிர்பார்க்கக்கூடிய எதிர்வினை மனநோய் அல்ல என்று டிஎஸ்எம்-5 வரையறையிலேயே இருக்கிறது.

கேள்விக்குறி:
தங்கச்சி, பாடம் நன்றாக இருக்கிறது. வரையறையில் ஒன்று, அறிகுறிப் பட்டியலில் இன்னொன்று. மருத்துவர் எதைப் பார்த்து மாத்திரை எழுதுகிறார்? அத்தான் போன சில வாரத்தில் என் அக்காவை ஒருவரிடம் கூட்டிப்போனோம். வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தாளில் இருந்த கேள்விகளுக்குக் கட்டம் கட்டமாக டிக் அடித்தார், கூட்டிப் பார்த்தார், மருந்துச்சீட்டை நீட்டினார். இரண்டு வாரம், ஐந்து டிக், முடிந்தது. எனக்கு வரையறை வேண்டாம், இந்த இரண்டு வாரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

நெய்தல்:
அது அந்த மருத்துவரின் தவறு. விலக்கை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. வேலை போய் மனச்சோர்வு வந்தால் நோய், மணமுறிவில் வந்தால் நோய், மரணத்தில் வந்தால் மட்டும் "துக்கம்தான், சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்புவதா? அப்படி அனுப்பப்பட்டவர் தற்கொலை எண்ணத்தோடு வீட்டில் கிடந்தால் யார் பொறுப்பு? துக்கத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் குறிப்பும் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் படிக்க மாட்டீர்கள். ரோசன்ஹான் திரியிலும் இப்படித்தான். மனநோய் இல்லாத எட்டுப் பேர் குரல் கேட்கிறது என்று சொல்லி மருத்துவமனையில் சேர்ந்த அந்த 1973 ஆய்வைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்கள். அதன் நம்பகத்தன்மை பற்றி 2019இல் எழுந்த சந்தேகங்களை நான் எடுத்துப் போட்டதும் ஆளையே காணோம்.

மருதன்:
12 மாதம் என்றல்லவா படித்தேன்?

நெய்தல்:
அது நீடித்த துக்கக் கோளாறு என்ற தனி நோய், டிஎஸ்எம்-5இன் 2022 திருத்தத்தில் வந்தது. பெரியவர்களுக்கு 12 மாதம், சிறுவர்களுக்கு 6. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மருதன்:
உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் பெரியவர்களுக்கும் 6 மாதம்தான் சார். இதை விட்டுவிட்டு என்னைக் குழப்பாதே என்கிறீர்கள். தவிர, டிஎஸ்எம் போடுவது மனநல மருத்துவர்கள். தலைப்புச் சண்டை உளவியலாளர்களோடு. இதுகூடத் தெரியாமல் ஒரு திரி.

நெய்தல்:
"உளவியல்காரர்கள்" என்று எழுதியது கேள்விக்குறி. அவரிடம் போய்க் கேளுங்கள்.

கேள்விக்குறி:
யார் போட்டால் என்ன, அனுபவிப்பது நாங்கள். ரோசன்ஹான் திரியிலிருந்து நான் ஓடவில்லை, அங்கே மட்டுறுத்துநர் பூட்டுப் போட்டார், அதுவும் யார் புகார் கொடுத்து என்று எனக்குத் தெரியும். இங்கே பாருங்கள், ஒரு பெரிய சங்கம் துக்கத்துக்கு 12 மாதம் என்கிறது, உலக அமைப்பு 6 என்கிறது, மனச்சோர்வு என்று பெயர் மாற்றினால் இரண்டு வாரமே போதும் என்கிறார்கள். ஒரே அக்கா, ஒரே அழுகை, மூன்று கெடு. இதை அறிவியல் என்று நான் ஏற்கவேண்டுமா?

மாணவி:
மூன்றும் ஒரே நிலைக்கான கெடு இல்லை அண்ணா. அதைத்தான் மேலே...

கேள்விக்குறி:
இரண்டு வாரம் இருக்கிறதா இல்லையா? ஆம், இல்லை, அவ்வளவுதான்.

நெய்தல்:
ஐந்து அறிகுறியைச் சேர்த்துக் கேளுங்கள், சொல்கிறேன். அப்புறம், புகார் கொடுத்தது நான்தான் என்றால் நேராகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.