கொருக்குப்பேட்டை சொந்தங்கள் (குழு)

வியாழக்கிழமை

ரேவதி: [படம்]
ரேவதி: புது வீட்டுக் கதவில் மாட்டப் பலகை வரைந்தேன். நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் மயில், கீழே பெயர். கிட்டத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் லிஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் வெறும் ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. பூவை மட்டும் புடைப்பாகச் செய்ய என்ன வழி? ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறோம்.

தினேஷ்: மயிலா அது?

ரேவதி: உன்னைக் கேட்கவில்லை

லட்சுமி அத்தை: கண் பட்டுவிடும் போல இருக்கும்மா. ஓரத்தில் ஒரு பொட்டு வை.

குமார் மாமா: பட்டி போடு. என்னிடம் அரை மூட்டை மீதி இருக்கிறது. நாளைக்குக் கொண்டு வருகிறேன்.

மணி பெரியப்பா: எங்கள் ஹாலில் பூசினாயே, அதே பட்டியா குமார்?

குமார் மாமா: அது ஓதம் அண்ணா. சுவர் அப்படி. எத்தனை தடவை சொல்வது?

மணி பெரியப்பா: சரி சரி. கேட்டேன்.

கல்பனா சித்தி: ரேவதி, பட்டி வேண்டாம். அது வெள்ளை சிமென்ட், அசையாத சுவருக்கு ஏற்றது. உன் பலகை 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், தூக்கி மாட்டும்போதே வளையும், பட்டி வெடித்துவிடும். சாக்பவுடரைச் சலித்து ஃபெவிகால் விட்டுக் குழை. கட்டி இருந்தால் கோன் அடைக்கும். மருதாணி கோன் மாதிரியே பிளாஸ்டிக் தாளில் சுருட்டிக்கொள். பிதுக்கினால் கோடு அப்படியே நிற்க வேண்டும், வழிந்தால் இன்னும் பவுடர் போடு. முதலில் இதழ்களின் ஓரம் மட்டும். அது காய்ந்த பிறகு உள்ளே நிரப்பு. ஒரே நாளில் மொத்தமாக அப்பினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அது சுருங்கும்போது நடுவில் பிளக்கும். தஞ்சாவூர்ப் படத்தில் சாமி நகையெல்லாம் புடைத்து நிற்கிறதே, அதுவும் இந்த வழிதான். அவர்கள் சுக்கான் கல் பொடியும் கோந்தும் சேர்ப்பார்கள், அதன் மேல் தங்கத் தாள் ஒட்டுவார்கள்.

தினேஷ்: சித்தி, ஆடியோவாக அனுப்பலாமே

சேகர்: எம்சீல் வீட்டிலேயே இருக்கிறது. போதாதா?

கல்பனா சித்தி: பூ முழுவதும் எம்சீல் வேண்டாம் மாப்பிள்ளை, கல் மாதிரி ஆகிவிடும், பிறகு திருத்த முடியாது. மயிலின் மூக்குக்கும் கண்ணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எம்சீல் பாக்கெட்டில் இருக்கும் இரண்டு பசையையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் ஆகும் வரை பிசைய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், சீக்கிரம் இறுகிவிடும்.

லட்சுமி அத்தை: நான் நவராத்திரிக்கு ஃபெவிகாலில் ரவை கலந்து பலகையில் கோலம் போட்டேனே, எவ்வளவு நன்றாக வந்தது.

தினேஷ்: எறும்பும் நன்றாக வந்தது அத்தை

லட்சுமி அத்தை: சுண்டலுக்கு வந்த எறும்பு அது

கல்பனா சித்தி: அண்ணி, தின்னும் பொருள் எதுவும் வேண்டாம். பைண்டிங் கடையில் மைதாப் பசைக்கு மயில்துத்தம் போடுவதே பூச்சிக்குப் பயந்துதான். துத்தம் விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் அது சரிவராது. சொரசொரப்பு வேண்டும் என்றால் சலித்த மணலோ மரத்தூளோ போதும்.

மணி பெரியப்பா: கீழே ரேவதி – சேகர் என்று மட்டும் இருக்கிறது. அம்மா பெயர் எங்கே?

மணி பெரியப்பா: முதலில் வீடு கட்டுகிறவர்கள் கோவிந்தம்மாள் இல்லம் என்று வைப்பதாகப் பேசியிருந்தோம்.

குமார் மாமா: பேசியது நீங்கள்தான் அண்ணா. அதுவும் கட்டும் வீட்டுக்கு. இது ஃபிளாட்.

மணி பெரியப்பா: ஃபிளாட் என்றால் பாட்டி இல்லையா?

சேகர்: பெரியப்பா, நேரில் பேசலாம்

லட்சுமி அத்தை: ஞாயிறு சாப்பாடு சைவம்தானே? இவர் கேட்கிறார்.

தினேஷ்: காசிமேட்டில் வஞ்சிரம் சொல்லலாம்

குமார் மாமா: ஜூன் 14 வரை தடைக்காலம். வஞ்சிரம் விலை தெரியுமா உனக்கு? கிரகப்பிரவேசத்துக்கு மீனாம்.

ரேவதி: சைவம்தான் அத்தை. சித்தி, மொட்டை மாடியில் வைத்தால் சீக்கிரம் காயும் இல்லையா?

கல்பனா சித்தி: இந்த வெயிலிலா? வேண்டவே வேண்டாம். மேல்பக்கம் வேகமாக இழுத்துக் கொண்டு அன்றைக்கே கீறல் விடும், பலகையும் வளையும். ஹாலில் படுக்க வைத்து, மெதுவாக ஃபேன் போடு. இன்று இரவு ஓரம், நாளை உள்ளே, சனிக்கிழமை பெயின்ட். பசை வெள்ளையாகத்தான் இருக்கும், பூவுக்கு மறுபடி நிறம் கொடுக்க வேண்டும்.

ரேவதி: மறுபடியுமா

லட்சுமி அத்தை: சின்னச் சின்னக் கண்ணாடி ஒட்டினால்? சௌகார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் பார்த்தேன்.

கல்பனா சித்தி: அது லிப்பன் வேலை அண்ணி, குஜராத்தில் கட்ச் பக்கத்தது. அங்கே களிமண்ணில் சாணம் கலந்து சுவரிலேயே செய்வார்கள். இதழ் நுனியில் மட்டும் ஒட்டலாம். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. தினேஷ் போகட்டும். வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் மண்ணடி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போதும்.

தினேஷ்: எனக்கு நாளை ஷிஃப்ட்

லட்சுமி அத்தை: எப்போது பார்த்தாலும் ஷிஃப்ட்

சேகர்: கண்ணாடியும் சேர்ந்தால் கனம் கூடும். டேப் தாங்காது. தேக்குக் கதவில் ஆணி அடிக்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குமார் மாமா: மேல் சட்டத்தில் பித்தளைக் கொக்கி போடலாம். திருவொற்றியூர் உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது.

சேகர்: சட்டமும் தேக்குதான் மாமா

ரேவதி: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்றே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

கல்பனா சித்தி: ஐயோ. வழவழப்பின் மேல் பசை பிடிக்காது, காய்ந்ததும் முழுப் பூவாகவே பெயர்ந்து வரும். பூ இருக்கும் இடத்தை மட்டும் 220 உப்புத்தாளால் தேய், பளபளப்பு போகும் வரை. சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள், மயில் தப்பிக்கும். தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடை. நான் நாளை மாலை வருகிறேன், வந்து

கல்பனா சித்தி: குக்கர் விசில். பிறகு எழுதுகிறேன்

மணி பெரியப்பா: தேய்க்கும்போது பெயர் இருக்கும் இடத்தையும் தேய்த்துவிடலாமே.

ரேவதி: பெரியப்பா

குமார் மாமா: உப்புத்தாள் என்னிடம் இருக்கிறது. காலையில் கொடுத்துவிடுகிறேன். எதற்கும் பட்டியும் எடுத்து வருகிறேன்.