போனது விண்டோஸ் இல்லை, பேட்டரி

திருப்புளி:
தென்காசிப் பக்கம் ஒரு டிடிபி கடை. ஒரே நாளில் வாங்கிய இரண்டு சிஸ்டம், விண்டோஸ் 7. ஒரு காலை முதல் சிஸ்டம் ஏறவில்லை. நாலு கலர் லோகோ சேர்வதற்குள் நீலமாக ஒரு மின்னல், உடனே ரீஸ்டார்ட். மறுபடி அதே. ரிப்பேர் ஓட்டினேன், பலிக்கவில்லை. "விண்டோஸ் போச்சு அண்ணாச்சி, ஃபார்மட் போட்டுரலாம்." "ஃபைல் எல்லாம் டி-ல கிடக்கு தம்பி, போடு." போட்டேன், ஓடியது, 500 ரூபாய் வாங்கினேன்.

பத்தாம் நாள் இரண்டாவது சிஸ்டத்திலும் அதே மின்னல். இந்த முறை எஃப்8 அழுத்தி ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன். நீலத்திரை அசையாமல் நின்றது: ஸ்டாப் 7பி, அதாவது பூட் டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியவில்லை. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் செட்டப்) போனால் தேதி 2009 ஜனவரி 1. சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, பழைய ஐடிஇ! நான் விண்டோஸ் ஏற்றியது புதிய முறையான ஏஹெச்சிஐயில். மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் சிஆர்2032 பேட்டரி செத்து, பயாஸ் எல்லாவற்றையும் மறந்திருக்கிறது. ஒரு வரி மாற்றி எஃப்10 தட்டினேன், ஏறிவிட்டது.

முதல் சிஸ்டத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப், நான் ஃபார்மட் போட்ட சி-யில் இருக்கும் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பழைய பிளாப்பி:
பேட்டரி மட்டும் செத்தால் பயாஸ் மறக்காது நண்பரே. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) ஸ்டாண்ட்பை 5 வோல்ட் தாங்கும். ராத்திரி மெயினை அணைக்கும் கடைகளில்தான் இந்தக் கூத்து.

என் கதை வேறு. 2009-ல் என் டிஸ்க் திடீரென பயாஸிலேயே தெரியவில்லை. மோட்டார் சுற்றுகிறது, டக் டக் சத்தமும் இல்லை. டிஸ்க்குக்குள் இருக்கும் ஃபர்ம்வேரே (டிஸ்க்கை இயக்கும் புரோகிராம்) பூட்டிக்கொண்ட கேஸ். சரிசெய்தவர் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டுத் திருகைத் தளர்த்தி, காண்டாக்டுக்கு நடுவே விசிட்டிங் கார்டுத் துண்டைச் செருகி, சீரியல் கேபிள் வழியாக டிஸ்க்குக்கு ஏதோ கமாண்ட் தட்டினார். கார்டை உருவியதும் மோட்டார் மறுபடி எழுந்த அந்த 'வ்ர்ர்ர்' இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

நீலத்திரை:
எனக்கு லேப்டாப்பில். விண்டோஸ் போடப் போனால் டிஸ்க்கே காட்டவில்லை, பயாஸில் விஎம்டி (தனி டிரைவர் இல்லாமல் டிஸ்க்கைக் காட்டாத இன்டெல் செட்டிங்) ஆனில் இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கவனியுங்கள். டிஸ்க் மோடை ஏஹெச்சிஐக்கு மாற்றும்முன் எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸின் பூட் செட்டிங் டூல்) சேஃப் பூட் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, அப்புறம் டிக்கை எடுங்கள். விண்டோஸ் 10-ல் இது போதும். 7 என்றால் ரெஜிஸ்ட்ரியில் ஏஹெச்சிஐ டிரைவரான எம்எஸ்ஏஹெச்சிஐக்குக் கீழே ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். கேட்க வாய்ப்பு அதிகம். பயாஸ் பக்கத்தை போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்புளி:
ஸ்டாண்ட்பை விஷயம் சரிதான், அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். யோசனைகளுக்கு நன்றி, ஆனால் அந்தச் சிஸ்டம் எடைக்குப் போய் வருஷமாச்சு. போன ஆவணியில்கூடக் கேட்டார்: "அந்த மயில் டிசைன் உங்கிட்ட எங்கயாவது கிடக்கா தம்பி?"