வியா ஆப்பியா அந்திகாவில் மூன்று காலை, ஒரு படம்கூட தேறவில்லை

முக்காலி எழுதியது:

வணக்கம். ரோமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தேன், ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. கொலோசியத்தைக்கூட பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நான் வந்தது வியா ஆப்பியா அந்திகா என்ற ஒரே ஒரு பழைய சாலைக்காக. கி.மு. 312-ல் ஆப்பியுஸ் கிளாவ்தியுஸ் என்ற ரோமானிய அதிகாரி போட ஆரம்பித்தது, முதலில் காப்புவா வரை, பிறகு நீண்டு நீண்டு பிரிந்திசி துறைமுகம் வரை போனது. 2024-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இதைக் கறுப்பு வெள்ளையில் பன்னிரண்டு படமாக எடுத்து, நல்ல பருத்தித் தாளில் அச்சிட்டு ஒரு தொகுப்பாக்க வேண்டும் என்பது நாலு வருடக் கனவு.

மூன்று நாளாக இருட்டோடு எழுந்து, கொல்லி அல்பானி மெட்ரோவில் இறங்கி, 660 பஸ் பிடித்து, செசிலியா மெத்தெல்லா கல்லறை அருகே இறங்குகிறேன். ரோமானியக் கணக்கில் அது மூன்றாவது மைல். அங்கிருந்து ஆறாவது மைலில் இருக்கும் காசல் ரொத்தோந்தோ என்ற இன்னொரு கல்லறை வரை, சுமார் நாலரை கிலோமீட்டர், முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடை. நடக்க அருமையான இடம். படம்தான் வரவில்லை.

140 படம் எடுத்தேன். 140-ம் ஒரே படம். முன்னால் பெரிய கற்கள், இரண்டு பக்கமும் குடை மாதிரி பைன் மரங்கள், நடுவில் சாலை ஒடுங்கி ஒடுங்கிப் புள்ளியாகிறது, அந்தப் புள்ளிக்கு மேலே சூரியன். ஒன்றை மனைவிக்கு அனுப்பினேன். "அழகா இருக்கு, எந்த வெப்சைட்ல எடுத்தீங்க?" என்று பதில் வந்தது.

எனக்கு உண்மையில் வேண்டியது கல்லில் பதிந்த வண்டித்தடம். நேரில் பார்த்தால் அவ்வளவு தெளிவு. சில இடங்களில் உள்ளங்கையைப் பக்கவாட்டில் வைத்தால் உள்ளே இறங்குகிறது. படத்தில் பார்த்தால் தடமே இல்லை, கல் எல்லாம் சிமெண்ட் பூசினாற்போல் வெளுத்து நிற்கிறது. 24 எம்எம் லென்ஸ், எஃப் 11, முழங்கால் உயரம். பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுவார்களே, அந்தப் போலரைசர் கண்ணாடி வாங்கினால் சரியாகுமா?

---

அரைப்படி எழுதியது:

போலரைசர் வாங்காதீர்கள். கையில் இருந்தால் கழற்றி வையுங்கள். அந்தக் கல்லுக்கு உயிரே அதன் மினுமினுப்புதான், போலரைசர் அதைத்தான் துடைத்து எடுக்கும்.

சிமெண்ட் நிறத்துக்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். அந்தக் கல் எரிமலைக் குழம்பு இறுகியது, ரோமுக்குத் தென்கிழக்கே இருக்கும் அல்பான் மலையிலிருந்து வழிந்தது. ஏறக்குறையக் கறுப்பு. படச்சட்டம் முழுக்கக் கறுப்பை நிரப்பினால் கேமரா "ஐயோ, வெளிச்சம் போதவில்லை" என்று எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்குத் தூக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, தேவைப்பட்டால் அதற்கும் கொஞ்சம் அதிகமாகக் குறையுங்கள்.

அப்புறம் அந்த 24 எம்எம். முழங்கால் உயரத்தில் வைத்தால் முதல் நாலு கல் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி பெருக்கும், மீதி சாலை நூலாகிவிடும். 140 படமும் ஒரே படமானது அதனால்தான். 85 எம்எம் லென்ஸ் இருக்கிறதா? அதை மாட்டிக்கொண்டு வானத்தை வெட்டிவிடுங்கள். மழை பெய்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

---

வெயில்கணக்கு எழுதியது:

அரைப்படி சொன்னதெல்லாம் சரி. ஆனால் தடம் தெரியாததற்கு லென்ஸ் காரணம் இல்லை, நீங்கள் போன நேரம்தான் காரணம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் நடக்கும் அந்தத் துண்டு அநேகமாக நூல் பிடித்தாற்போல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. டிசம்பரில் ரோமில் சூரியன் உதிப்பதும் தென்கிழக்குப் பக்கம்தான். ஆக, நீங்கள் நிற்கும் நேரத்தில் வெயில் சாலையின் நீளவாக்கில் ஓடி வருகிறது. வண்டித்தடமும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. பள்ளம் போகிற திசையிலேயே வெளிச்சமும் போனால் பள்ளத்துக்குள் நிழல் எங்கிருந்து விழும்? வாய்க்காலுக்குள் டார்ச் அடித்த கதைதான். குறுக்கே ஓடும் இடுக்குகள் மட்டும் தெரியும், தடம் காணாமல் போகும்.

மாலையில் போங்கள். இந்த வாரம் அங்கே சூரியன் 4.40 சுமாருக்கு மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், 3.40 வாக்கில், சூரியன் தென்மேற்கில் தாழ்ந்து நிற்கும். அது உங்கள் சாலைக்குக் கிட்டத்தட்ட நேர் குறுக்கு. ரோமிலிருந்து வெளியே நடந்தால் வலக்கைப் பக்கம். அந்த அரைமணியில் தடத்தின் ஒரு கரை வெளுத்தும் உள்பக்கம் கறுத்தும் நிற்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் மட்டும் அதையும் இழப்பீர்கள். பக்கவாட்டில், அல்லது கொஞ்சம் எதிரே நின்று எடுங்கள்.

ஜூனில் போயிருந்தால் காலையிலேயே இது கிடைத்திருக்கும், அப்போது உதயம் வடகிழக்குக்கு நகர்ந்திருக்கும். டிசம்பரில் காலை ஆறு மணிக்கு எழுந்தது உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

---

பழங்கல் எழுதியது:

நான் கேமராக்காரன் இல்லை, சரித்திரம் படித்தவன். பைன் மரத்தை நடுவில் வைத்துப் படம் எடுத்துவிட்டு "2,300 ஆண்டுப் பழமை" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த மரங்களில் பெரும்பாலானவை 1909 முதல் 1913 வரை நடந்த சீரமைப்பில் அந்தோனியோ முன்யோஸ் நடவைத்தவை. சாலையோரச் சுவர்களில் சிலைத் துண்டும் கல்வெட்டுத் துண்டும் பதித்து அழகாக நிற்கிறதே, அதில் பெரும் பங்கு 1850-களில் கட்டடக் கலைஞர் லூயிஜி கனீனா செய்த ஏற்பாடு. நீங்கள் 140 தடவை எடுத்தது ஏற்கெனவே யாரோ அமைத்து வைத்த காட்சி. அது வாழ்த்து அட்டையாக வராமல் வேறு எப்படி வரும்?

இன்னொன்று. 6-ஆம் நூற்றாண்டில் புரோகோபியுஸ் என்ற வரலாற்று ஆசிரியர் இந்தச் சாலையைப் பற்றி எழுதியிருக்கிறார். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் விலகிப் போகலாம், கற்கள் பொருத்தியது போலவே இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்து முளைத்தது போல இருக்கின்றன, இத்தனை காலம் இத்தனை வண்டி போயும் தேயவில்லை என்கிறார். அவர் தேயவில்லை என்று வியக்கிறார், நம் முக்காலி தேய்மானத்தைத் தேடி மூன்று நாளாக அலைகிறார்!

சாலையின் அகலம் 14 ரோமானிய அடி, நான்கு மீட்டருக்குச் சற்று மேல். அந்த நாலு மீட்டருக்குள்ளேயே இருங்கள்.

---

அரைப்படி எழுதியது:

மரத்தை அடியோடு ஒதுக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம், பழங்கல். நூறு வயது மரமும் அந்தச் சாலையின் கதைதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி சாற்றை உறிஞ்சி ரோமில் பைன்கள் பட்டுக்கொண்டிருக்கின்றன. இன்னும் இருபது வருடத்தில் "அப்போதே எடுத்திருக்கலாமே" என்று நாமே புலம்புவோம். நடுவில் வைக்காதீர்கள், நிழலாக வையுங்கள்.

---

முக்காலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கே போய் நின்றேன். முதல் அரைமணி ஒன்றுமில்லை. என்னை மூன்று நாளாகப் பார்க்கும் நாய்க்காரர் ஒருவர் தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு யாரோ சாலையைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவது போல ஆரம்பித்தது. தடம் ஒன்று, அதற்கு இணையாக இன்னொன்று, நடுவில் உப்பிய கற்கள். நான் குறிவைத்திருந்த கல்லின் மேல் சரியாக ஒரு பைன் நிழல் குறுக்கே விழுந்தது. அது நகரப் பத்து நிமிடம் காத்திருந்து, முழுதாக நகர்வதற்குள் எடுத்தேன். அரைப்படிக்காகத்தான் அந்த நிழல் ஓரத்தில் இருக்கிறது.

85 எம்எம், ஒரு ஸ்டாப் குறைவு, வடகிழக்கு ஓரத்தில் உயர்ந்திருந்த நடைபாதைக் கல்லில் நின்று. வானம் இல்லை, தொடுவானம் இல்லை. மொத்தம் இரண்டு மீட்டர் சாலைதான் சட்டத்துக்குள் இருக்கிறது. ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது, அதனால் ஒரே ஒரு படம்தான் தேறியது.

மனைவிக்கு அனுப்பினேன். "என்ன இது, முதலை முதுகா?" என்று கேட்டாள். இதை அச்சிடப் போகிறேன்.

நாளை மழை என்கிறது போன். தெருமுனைக் கடையில் குடை பார்த்து வைத்திருக்கிறேன்.