ரூஸ்வெல்ட் உங்கள் ஆல்பத்துக்குள் எப்படி வந்தார்?

வடசேரியிலிருந்து

நம் குமரி மாவட்டத்தில் தபால்தலை சேர்க்கும் யாரிடம் பேசினாலும், பேச்சு எப்படியோ அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம் போய் நிற்கிறது. அவர் உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் 1907இலேயே நாகர்கோவிலுக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் பக்கம் அமெரிக்கக் கடிதம் அபூர்வமல்ல. மிஷன் வளாகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, உறைகளின் மூலையைக் கத்தரித்து எனக்குக் கொண்டுவந்து தருவார். வெந்நீர்க் கிண்ணத்தில் ஊறப்போட்டு, பசை விட்டதும் சாமணத்தால் எடுத்துச் செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைப்பேன். அப்படி ஊறி வந்தவற்றில் ஒன்று 6 சென்ட் ரூஸ்வெல்ட். “இவரும் உன்னைப் போல ஸ்டாம்ப் சேர்த்தவர்தான்” என்றார் சித்தப்பா. நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே மனிதர் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அவருடைய தாயார் சாரா சிறுமியாக இருந்தபோது தொடங்கிய சேகரிப்பு, தாய்மாமன் கைக்குப் போய், அங்கிருந்து சிறுவன் பிராங்க்ளினுக்கு வந்தது. தாய்மாமன் சீரில் இதைவிட நல்ல சீர் எது?

மார்த்தாண்டத்திலிருந்து

வடசேரி அண்ணாச்சி கேட்டதால் எழுதுகிறேன். சிறுவயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, வந்தது. வலது காலில் இரும்புப் பட்டை போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். விளையாட்டு வகுப்பு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும்போது நான் வகுப்பிலேயே இருப்பேன். புவியியல் ஆசிரியை ஒருநாள் தன் ஆல்பத்தை என் முன்னால் விரித்து வைத்தார். அதில் ரூஸ்வெல்ட் நினைவாக வெளியிட்ட வரிசை இருந்தது. 1 சென்ட்டில் அவர் பிறந்த ஹைட் பார்க் வீடு, 3 சென்ட்டில் வெள்ளை மாளிகை. ஆசிரியை விரல் வைத்தது 2 சென்ட் தபால்தலையில். ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அவர் தங்கிய சிறிய வீடு அதில் இருந்தது.

1921 ஆகஸ்டில், 39 வயதில், ரூஸ்வெல்ட்டுக்கும் அதே நோய் வந்து கால்கள் செயலிழந்தன. அதற்குள் அவர் மாநில செனட்டர், கடற்படைத் துணைச் செயலர், துணை அதிபர் வேட்பாளர் என்று வேகமாக ஏறி வந்திருந்தார். இனி அரசியல் இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் ஆல்பங்கள் அவருக்குத் துணையாக இருந்தன. 1926இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்று இருந்த இடத்தை வாங்கி, அடுத்த ஆண்டே அதைப் போலியோ நோயாளிகளுக்கான அறக்கட்டளையாக்கினார். 1928இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் வென்றார், 1932இல் அதிபர் தேர்தலில் வென்றார்.

ஆசிரியை இதையெல்லாம் எனக்கு மட்டும், தனியாக, ஒரு விளையாட்டு வகுப்பு நேரத்தில் சொன்னார். அன்று மாலை பட்டையோடு நடந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. அந்த ஆசிரியை இன்று இல்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூஸ்வெல்ட் இறந்தது 1945 ஏப்ரல் 12. ஜோனாஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி பலனளிக்கிறது என்று அறிவித்தது சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1955 ஏப்ரல் 12. அந்த ஆய்வுக்குப் பணம் திரட்டியது ரூஸ்வெல்ட் 1938இல் தொடங்கிய அமைப்பு. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடானபோது நான் அந்த 2 சென்ட்டை எடுத்துப் பார்த்தேன்.

குளச்சலிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்த பிறகு ரூஸ்வெல்ட்டைக் குறை சொல்லக் கை வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருடைய அஞ்சல்துறைத் தலைவர் ஜேம்ஸ் பார்லி, புதிய தபால்தலைகளைப் பசை தடவாமல், ஓரத்தில் பல் துளைக்காமல், தாள் தாளாக அச்சகத்திலிருந்து வாங்கி அதிபருக்கும் நண்பர்களுக்கும் பரிசளித்தார். முகமதிப்புப் பணத்தைக் கட்டித்தான் வாங்கினார். ஆனால் அந்த வடிவில் ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காதே! அப்படி ஒரு தாள் விற்பனைக்கு வந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் 1935 மார்ச்சில் அப்படிக் கொடுத்த 20 தபால்தலைகளையும் அதே மாதிரி அச்சடித்து எல்லோருக்கும் விற்க வேண்டியதாயிற்று. நான் முதலில் வாங்கிய ரூஸ்வெல்ட் காலத்துச் சரக்கு அந்தப் பல் இல்லாத ‘அன்னையர் தினம்’ தபால்தலைதான். மூலத் தபால்தலையின் வடிவமைப்புக்கு ரூஸ்வெல்ட்டே கையால் கோட்டோவியம் போட்டுக் கொடுத்திருந்தார். நாட்டை ஆளுகிறவர் சேகரிப்பாளராகவும் இருந்தால், வரிசையில் நிற்கும் மற்ற சேகரிப்பாளரை மறந்துவிடக் கூடாது.

தக்கலையிலிருந்து

தம்பி சொல்வது நியாயம். ஆனால் சேகரிப்பாளர் ஆட்சியில் இருந்ததால் விளைந்த நல்லதையும் கணக்கில் வையுங்கள்.

நான் அஞ்சல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் சேர்ப்பது திருவிதாங்கூர் அஞ்சல். 1939இல் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வெளியான வரிசையில் நம் ஊரே இருக்கிறது: 7 சக்கரத்தில் (சக்கரம் அன்றைய திருவிதாங்கூர் நாணயம்) கன்னியாகுமரி முனை, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. கையளவு கூட இல்லாத காகிதத்தில் ஒரு நாடு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதை அதில் பார்க்கலாம். ரூஸ்வெல்ட்டுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் போர் நடுவே, 1943 ஜூனில் தொடங்கி, எதிரிகள் கைப்பற்றிய நாடுகளின் கொடிகளை வரிசையாக 5 சென்ட் தபால்தலைகளில் வெளியிட்டார்கள். முதலில் போலந்து. பிறகு செக்கோஸ்லோவாகியா, நார்வே, பிரான்ஸ், கிரீஸ் என்று போய், 1944இல் கொரியாவோடு 13 ஆனது. நடுவில் நிறம் நிறமாகக் கொடி. ஒரு பக்கம் பீனிக்ஸ் பறவை, மறுபக்கம் மண்டியிட்டுச் சங்கிலியை அறுக்கும் பெண். வரைபடத்திலிருந்து அழித்துவிட்டதாக ஹிட்லர் நினைத்த நாட்டின் கொடி அமெரிக்கக் கடிதங்களில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனது.

குளச்சலிலிருந்து

தக்கலை சார், அந்த வரிசை என்னிடமும் இருக்கிறது. 1741இல் எங்கள் கடற்கரையில் தோற்ற டச்சுக்காரரின் கொடியும் அதில் உண்டு. அடிமைப்பட்ட நாடாக அதைப் பார்த்தபோது எனக்கும் மனம் இளகியது. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஜப்பான் பிடித்து வைத்திருந்த கொரியா இருக்கிறது. பிரிட்டன் பிடித்து வைத்திருந்த இந்தியா இல்லை. அதே ஆண்டுகளில் காந்தியும் நேருவும் சிறையில் இருந்தார்கள்.

தக்கலையிலிருந்து

உண்மை. 1942இல் இந்தியாவுக்குத் தன்னாட்சி கொடுக்கும்படி ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு எழுதினார், சர்ச்சில் அசையவில்லை, இவரும் அதற்கு மேல் அழுத்தவில்லை. போரில் கூட்டாளியைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. நமக்கு வலிக்கத்தான் செய்கிறது. அந்த வரிசையைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கொட்டாரத்திலிருந்து

நான் பள்ளி மாணவி. மாமா கொடுத்த மொனாக்கோ தபால்தலையில் ரூஸ்வெல்ட் ஆல்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 1947இல் வெளியானது. இடது கையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறு விரல்! செதுக்கியவர் ஒரு விரலைக் கூட்டிவிட்டாராம். இப்போது எங்கள் வகுப்பில் எல்லோரும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பு என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லுங்கள்.

வடசேரியிலிருந்து

1946இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள், மகளே. 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவருடைய தபால்தலைகளில் பெரும்பாலானவை மலிவானவை, சில சேதப்பட்டவை. அதிபர் கை பட்டது என்பதற்காகவே ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். இன்னொன்றையும் தேடு: 1945 ஏப்ரல் 25இல் ஐக்கிய நாடுகள் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அன்று வெளியான 5 சென்ட். படம் கிடையாது, எழுத்து மட்டும், கீழே அவருடைய பெயர். அவர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று உனக்கு. மாமாவோடு வந்து வாங்கிக்கொள்.